ஓலை முதல் கைப்பேசி வரை: மலாக்கா மண்ணில் மறைமொழி

ஒருவர் மற்றொருவர்க்கு மட்டுமென்று சொல்லும் சொல் மூன்றாமவர் செவிக்கு எட்டுமாயின், சொல்லின் பயன் மாறும். சொன்னவரின் நிலையும் மாறும். இதனை நன்குணர்ந்த வள்ளுவர், ‘ஒற்றாடல்’ எனத் தனி அதிகாரமே வகுத்தார். ஒற்றன் ஒருவன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே ஏற்க வேண்டும் என்பது அங்கு அவர் இடும் வரம்பு. ஒற்றறிதல் அரசனுக்குரிய கருவி. அக்கருவிக்கும் ஒழுங்கு வேண்டும் என்பதே அதன் கருத்து. இன்று அக்கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் குடிபுகக் காத்திருக்கிறது. கைப்பேசி உரையாடலைக் காப்பது எங்ஙனம் என்னும் வினா புதியதுபோல் தோன்றினும், மலாக்கா மண்ணில் அதன் வேர் ஐந்து நூற்றாண்டு ஆழமுடையது.

துறைமுகத்தில் கசிந்த சொல்

மலாக்கா சுல்தானகத்தின் இறுதி ஆண்டுகளைப் பற்றிச் ‘செஜாரா மெலாயு’ கூறும் நிகழ்ச்சி ஒன்று தமிழ் வணிகரோடு தொடர்புடையது. நினா சூரா தேவானா, ராஜா முதலியார் என்னும் இரு பெருவணிகர்க்கிடையே வழக்கு மூண்டது. முன்னவர் இரவில் பெண்டஹாராவுக்குப் பொன் அளித்தார். கித்துல் என்பவன் இதனை அறிந்து, அப்பொன் ராஜா முதலியாரின் உயிரைப் பறிப்பதற்கே தரப்பட்டதென்று அவரிடம் திரித்துரைத்தான். அவன் அவருக்குக் கடன்பட்டவன். சொன்ன செய்திக்குக் கைம்மாறாக அவன் கடன் தீர்ந்தது. அஞ்சிய முதலியார் லக்சமானாவை நாடினார். பெண்டஹாரா அரசைக் கவரச் சூழ்ச்சி செய்கிறார் என்னும் பழி சுல்தான் மஹ்மூதின் செவியை அடைந்தது. 1510இல் பெண்டஹாரா துன் முத்தாஹிர் கொல்லப்பட்டார். மறைவில் நடந்த செயலில் பாதியை அறிந்தவன், மீதியைத் தன் நலத்துக்கேற்பப் புனைந்து நிரப்பினான். ஒட்டுக்கேட்பால் விளையும் கேடுகளுள் தலையாயது இதுவே.

அதே 1510ஆம் ஆண்டில் மறைமடல் ஒன்றும் இத்துறைமுகத்தினின்று வெளியேறியது. இங்குச் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியர் ருய் தெ அராவுஜோ, நகரின் படைநிலையை விவரித்து அல்புகெர்க்குவுக்கு எழுதிய மடல் அது. போர்த்துகீசிய ஏடுகள் நினா சத்து எனக் குறிக்கும் இந்து வணிகர் அதற்குத் துணைநின்றார். மறுஆண்டு ஆகஸ்டில் மலாக்கா வீழ்ந்தது. காவலர் கண்ணில் படாத ஒரு மடல், ஒரு பேரரசின் வாயிலைத் திறக்க உதவியது. மறைமொழி காப்பவர்க்கு அரணாவதும், அதே அரண் பிறர்க்கு அச்சமாவதும் அன்றே தொடங்கிய முரண்பாடாகும்.

தோட்டத்து மடல்கள்

1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவின் வணிக இரப்பர்ப் பயிர்த்தொழில் மலாக்காவில் தோன்றியது இவ்வாறுதான். புக்கிட் ஆசகானிலும், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. கங்காணிகளின் வழியே தமிழர் வந்து குடியேறினர்.

லயத்தில் வாழ்ந்தோர்க்கும் ஊரில் இருந்தோர்க்கும் இடையே பாலமாக இருந்தது மடல் ஒன்றே. எழுத்தறியாதோர் பலராதலின், எழுதித் தந்தவரும் வந்த மடலைப் படித்துக் காட்டியவரும் பெரும்பாலும் கிராணியாகவோ தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ இருந்தனர். மகளின் திருமணக் கடன், மனைவியின் பிணக்கு, தோட்டத்தை விட்டு நீங்கும் எண்ணம் ஆகிய அனைத்தும் அவர் செவி வழியே சென்றன. துரைக்கு எட்டக் கூடாத செய்தி துரையின் அலுவலகத்தில் பணிபுரிந்தவர் கையாலேயே எழுதப்பட்ட நிலையும் இருந்தது. அங்கு மறையாக்கம் என ஒன்றில்லை. எழுதியவரின் நாணயமே பூட்டு, அவர் வாயடக்கமே திறவுகோல்.

தொலைபேசி வந்தபோதும் இந்நிலை மாறவில்லை. கருவி அலுவலகத்திலும் துரை பங்களாவிலும் இருந்தது. அவசரத்துக்குப் பேச நேர்ந்த தொழிலாளி, மேசையருகே பிறர் நிற்கவே பேசினார். கையால் இணைப்புத் தரும் நிலையங்களில் இணைத்தவர் கேட்கவும் இயன்றது. தனித்துப் பேசும் உரிமை தோட்டத் தமிழர்க்கு நெடுங்காலம் கிட்டாத செல்வமாகவே இருந்தது.

போர்க்காலத் தணிக்கை

போர் மூண்டபோது அரசே மடலைப் பிரித்தது. காசிம் இஸ்மாயில் மன்சூர் என்னும் குசராத்தி வணிகர், துருக்கியத் தூதருக்கு உரிய செய்தியை இரங்கூனில் இருந்த தம் மகனுக்கு மடலாக அனுப்பினார். தணிக்கையில் அது அகப்பட, 1915இல் சிங்கப்பூரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியர் வசமாயிற்று. அக்காலத்தில் பேசுவது மட்டுமன்றிக் கேட்பதும் குற்றமாயிற்று. அயல்நாட்டு வானொலியைக் கேட்டவர் கெம்பெய்த்தாயின் சித்திரவதைக்கு ஆளாயினர். பேரா மாநிலத்துப் பாப்பானில் மறைவாக வானொலி வைத்திருந்த சிபில் கார்த்திகேசு 1943இல் கைதாகிப் பெருங்கொடுமை உற்றார். உடல்நலம் குன்றி 1948இல் மறைந்தார். யார் எதைக் கேட்கிறார் என்பதை அறியத் துடிக்கும் ஆட்சி, இறுதியில் மனிதரின் உடலையே திறந்து பார்க்க முனையும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

கம்பியும் காற்றும்

1985இல் ‘அத்தூர் 450’ என்னும் சேவை மலேசியாவில் கைப்பேசிக் காலத்தைத் தொடங்கி வைத்தது. அதன் ஒலி வானலையில் மூடாக்கின்றிச் சென்றது. ஏற்ற வாங்கி உடையவர் எவரும் கேட்க இயன்றது. 1990களில் வந்த எண்மான முறை, பேச்சை எண்களாக்கிக் கோபுரம்வரை மறையாக்கம் செய்தது. எனினும் அப்பூட்டும் உறுதியானதன்று. 2009 இறுதியில் ஜெர்மானிய ஆய்வாளர் கார்ஸ்டன் நோல், அம்முறையை உடைக்கும் வழியை வெளிப்படுத்தினார். போலிக் கோபுரம் ஒன்றை மெய்யெனக் கருவி நம்பும் குறையும் அம்முறையில் இருந்தது. மேலும், காப்பு கோபுரம்வரை மட்டுமே. அதற்கப்பால் நிறுவனத்தின் வலையமைப்பில் பேச்சு திறந்தே சென்றது. பழைய இணைப்பு நிலையத்தின் இடத்தில் இப்போது கணினி அமர்ந்தது.

இக்குறையை நீக்க வந்ததே முனைக்கு முனை மறையாக்கம். பேசுபவர் கருவியில் பூட்டப்படும் சொல், கேட்பவர் கருவியில்தான் திறக்கப்படும். இடையிலுள்ள நிறுவனமும் அதனை அறியாது. 2016இல் வாட்ஸ்அப் இம்முறையைத் தன் பயனர் அனைவர்க்கும் விரித்தது. கிராணியின் துணையின்றித் தொழிலாளியின் மடல் ஊருக்குச் சென்று சேரும் காலம் வந்துவிட்டதாகவே தோன்றியது.

கருவிக்குள் புகுந்த ஒற்றன்

வழியில் கேட்க இயலாதவன் வீட்டுக்குள்ளேயே புகுந்தான். உளவு மென்பொருள் பூட்டை உடைப்பதில்லை; பூட்டுமுன் பேசுபவர் வாயருகே அமர்ந்து கேட்கிறது. 2013 மே மாதத்தில், பொதுத்தேர்தலை ஒட்டி, மலாய்மொழியில் அமைந்த வேட்பாளர் பட்டியல் ஆவணம் ஒன்றில் ‘ஃபின்ஸ்பை’ என்னும் உளவு மென்பொருள் பொதிந்திருந்ததை டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் வெளியிட்டது. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாக ஏறத்தாழ 1,400 பேரின் கருவிகள் ‘பெகாசஸ்’ மென்பொருளுக்கு இலக்காயின. அழைப்பை எடுக்காதவரும் அதற்குத் தப்பவில்லை. 2021இல் பெகாசஸ் பட்டியல் ஒன்று உலகெங்கும் பேசப்பட்டபோது, தமிழ்நாட்டு இயக்கத் தலைவர் சிலருடைய எண்களும் அதில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. இந்திய உச்ச நீதிமன்றம் நீதிபதி ஆர்.வி. இரவீந்திரன் மேற்பார்வையில் அமைத்த குழு 29 கருவிகளை ஆராய்ந்து, ஐந்தில் தீய மென்பொருள் உண்டெனக் கண்டது. அது பெகாசஸ்தான் என உறுதிப்படுத்த இயலவில்லை.

இத்தகைய விலையுயர்ந்த உளவு பெரியோரையே நாடும். எளியோரை நாடுவது மலிவான களவு. திருமண அழைப்பிதழ் எனவும் வீட்டுத் துப்புரவுச் சேவை எனவும் வரும் செயலிக் கோப்புகள், குறுஞ்செய்தியில் வரும் வங்கிக் குறியீட்டைக் கவர்கின்றன. 2017இல் மலேசியாவின் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்ததும் இத்தகையோர்க்கு வாய்ப்பாயிற்று.

சட்டத்தின் வேலி

1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு சட்ட அதிகாரமின்றி ஒட்டுக்கேட்பதைக் குற்றமாக்குகிறது. 252ஆம் பிரிவு அரசு வழக்குரைஞரின் இசைவோடு கேட்க வழிவிடுகிறது. 2012ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம், அவசர நேர்வில் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரிக்கே அவ்வதிகாரத்தை அளிக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டமோ மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. இவ்வழிகளில் முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி தேவையில்லை என்பது எண்ணத்தக்கது. இந்தியாவில் 1996இல், குடியுரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் தொடுத்த வழக்கில், தொலைபேசி உரையாடல் தனிவாழ்வின் கூறு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, உயர்நிலை ஆணையும் மறுஆய்வுக் குழுவும் வேண்டுமெனப் பணித்தது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றத்தில் சிவராசா இராசையா தொடுத்த வழக்கில் 2010இல் நீதிபதி கோபால் ஸ்ரீராம் வழங்கிய தீர்ப்பு, ஆள் உரிமையினுள் தனிமை உரிமையும் அடங்கும் என்றுரைத்தது. வேலி இடப்பட்டுள்ளது, வாயிலில் நிற்க வேண்டிய நீதிபதியின் இடமே வெறுமையாக உள்ளது.

ஆசிரியரின் கடன்

சட்டம் முதிரும்வரை வழக்கமே காப்பு. கருவியின் மென்பொருளைக் காலந்தவறாமல் புதுப்பித்தல், அறியாதார் அனுப்பும் செயலிக் கோப்பைத் திறவாமை, ஒலிவாங்கியை நாடும் செயலிகளை ஆராய்தல், வங்கிக் குறியீட்டை எவர்க்கும் உரையாமை, அவ்வப்போது கருவியை அணைத்து இயக்குதல் ஆகியன எளியோர்க்கும் இயல்வன. ஏமாந்தவர் உடனே 997 என்னும் எண்ணை அழைத்தால், 2022இல் அமைந்த தேசிய மோசடி எதிர்ப்பு மையம் பணம் மேலும் நகராமல் தடுக்க முயலும்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்து விட்டனர். ஆயினும் கைப்பேசியை நீட்டி, “ஐயா, இதில் என்ன வந்திருக்கிறது, பாருங்கள்” என்று கேட்கும் முதியவர் இன்றும் உளர். அன்று மடலைப் படித்துக் காட்டிய ஆசிரியரின் கையில், இன்று ஒரு குடும்பத்தின் பணமும் பேச்சும் படமும் ஒருசேர ஒப்படைக்கப்படுகின்றன. பார்க்க வேண்டியதை மட்டும் பார்த்து, எஞ்சியதைக் காணாதவராய்த் திருப்பித் தருவது அவர் கடமை; அடுத்த முறை அம்முதியவரே பார்த்துக்கொள்ளுமாறு கற்பித்துத் தருவது அதனினும் பெரிய கடமை. கித்துல் திரித்த சொல்லால் ஒரு குடி அழிந்த மண்ணில், பிறர் சொல்லைக் காப்பதும் கல்வியின் ஒரு பகுதியே ஆகும்.