எந்த ஊரில் நம் ஓட்டு? முகவரியும் வாக்குரிமையும்



இந்த நினைவுப் பேருரையைப் பொதட்டூர்பேட்டையில் நடத்துவது என்று முடிவானபோது, எதைப் பற்றிப் பேசுவது என்பதில் எங்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. இந்தப் பகுதிப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். சிலர் திருத்தணி அரசு கலைக் கல்லூரிக்குப் பேருந்தில் போய் வருகிறார்கள். பலர் சென்னையிலும் வேலூரிலும், எல்லை தாண்டித் திருப்பதியிலும் விடுதிகளில் தங்குகிறார்கள். அவர்களுக்குப் பதினெட்டு வயது நிரம்புவது அங்கேதான். நம் ஓட்டு எந்த ஊரில் என்ற கேள்வி அப்போது எழுகிறது. அது சின்னக் கேள்வி போலத் தெரியும். ஆனால் நூறாண்டு வரலாறு அதற்குள் இருக்கிறது.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி நிலவரி கட்டுபவர், சொத்து உள்ளவர், வருமான வரி செலுத்துபவர் போன்றோர்தான் ஓட்டுப் போட முடியும். பிறர் நிலத்தில் குடிசை போட்டு, பிறர் நிலத்தில் உழைத்தவர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். அதனால்தான் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நியமன உறுப்பினர்களாக நுழைய வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஓட்டுப் போட்டு அனுப்பும் உரிமை அவர்களுடைய மக்களுக்கு இல்லை.

அதே 1919 ஜனவரியில் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னார் அம்பேத்கர். அப்போது அவருக்கு வயது 27. லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். படிப்பு முடியாத ஓர் இளைஞர்தான் தீண்டப்படாத மக்களின் பிரதிநிதித்துவத்துக்காக அங்கே வாதாடினார் என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது. பின்னர் சைமன் ஆணையத்தின் முன், வயதுவந்த அனைவருக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டார். 1935 சட்டம் வாசலை இன்னும் கொஞ்சம் திறந்தது, அவ்வளவுதான். வயதுவந்தவர்களில் பெரும்பாலோர் அப்போதும் வெளியேதான் நின்றார்கள்.

அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவு இந்தக் கதையைத் திருப்பிப் போட்டது. 21 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஓட்டு கிடைத்தது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒரு தொகுதியில் வழக்கமாக வசிப்பவர் அங்கே வாக்காளர் ஆகலாம் என்றது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அதன் 20ஆவது பிரிவு சொல்கிறது. தற்காலிகமாக வெளியூரில் இருப்பதால் ஒருவருடைய வசிப்பிட உரிமை போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதுவரை ஓட்டுக்கு வழியாக இருந்த சொத்து, இனி தகுதியே அல்ல என்றானது. பட்டா இல்லாத சேரிக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் உரிமை சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பெயரும் இருக்க வேண்டும். முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரானபோது, சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள்.

இந்த மண்ணுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 1952இல் திருத்தணிப் பகுதி மக்கள் சென்னை மாநிலத்துக்காக ஓட்டுப் போட்டார்கள். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. 1955இல் ஆந்திரச் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 1962இல் அதன் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். வாக்காளர் தன் தெருவைவிட்டு ஓர் அடி நகரவில்லை, மாநிலம்தான் நகர்ந்தது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நகர்கிறார்கள், சட்டம் நின்ற இடத்தில் நிற்கிறது.

61ஆவது திருத்தம் 1989இல் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது. கல்லூரி மாணவர்கள் பெருந்தொகையாக வாக்காளர் ஆனது அதற்குப் பிறகுதான். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்குத் தேர்தல் ஆணையம் இரண்டு வழிகளைத் தருகிறது. பெற்றோர் இருக்கும் சொந்த ஊரில் பெயர் சேர்க்கலாம். அல்லது, அங்கீகரிக்கப்பட்ட படிப்பாகவும் ஓராண்டுக்குக் குறையாத படிப்பாகவும் இருந்தால், கல்லூரித் தலைவரின் சான்றிதழோடு விடுதி முகவரியில் சேர்க்கலாம். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8. ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உண்டு. 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை.

இந்தத் தேர்வுரிமை எளிதில் கிடைத்துவிடுவதில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் வாலர் கவுண்டியில் பிரைரி வியூ என்ற கறுப்பின மக்களின் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1971இல் அங்கும் வாக்களிக்கும் வயது 18 ஆனது. ஆனால் வாக்காளர் பதிவு அதிகாரி லீராய் சிம், மாணவர்களுக்கு மட்டும் தனிக் கேள்வித்தாள் கொடுத்து, நீங்கள் இந்த ஊர்க்காரரா என்று துருவினார். 1979இல் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. அதன் பிறகும் ஓர் அரசு வழக்கறிஞர் மாணவர்கள்மீது வழக்குப் போடுவேன் என்று மிரட்ட, 2004இல் அவர்கள் ஊர்வலம் போனார்கள். நீ இந்த ஊரா என்ற கேள்வி சேரிப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல.

நாங்கள் விடுதி மாணவர்களாக இருந்தது 1999இல். அந்த செப்டம்பரில் முதல் ஓட்டுப் போடும் ஆசையோடு ஊருக்குப் போன எங்களில் சிலருக்குப் பட்டியலில் பெயர் இல்லை. வெளியூர் போய்விட்டார் என்று யாரோ சொல்ல, யாரோ அடித்திருந்தார்கள். அதே தேர்தலில்தான் சிதம்பரம் தொகுதியில் ஓட்டுப் போட்டதற்காகத் தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. ஓட்டு என்பது வெறும் மைப்புள்ளி அல்ல என்று எங்களுக்கு அந்த வாரம்தான் புரிந்தது.

எங்கே பதிவது என்று மாணவர்கள் எங்களைக் கேட்கிறார்கள். வசதி எது என்று மட்டும் பார்க்காதீர்கள் என்பது எங்கள் பதில். உள்ளாட்சித் தேர்தலின் வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. விடுதிக்கு ஓட்டை மாற்றினால் ஊராட்சியில் உங்கள் ஓட்டு போய்விடும். ஒரு வார்டின் முடிவைப் பத்து ஓட்டு மாற்றிவிடும். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் கொல்லப்பட்டது அந்த நாற்காலிக்காக. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுகள் அந்த நாற்காலியில் யாரும் உட்கார விடப்படவில்லை. ஊரில் ஓட்டு வேண்டுமா, நகரத்தில் வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வார்டனோ பூத் ஏஜென்ட்டோ முடிவு செய்யக் கூடாது.

ஊரிலேயே வைத்துக்கொண்டால் அடுத்த சிக்கல் பயணம். தபால் ஓட்டு ராணுவத்தினருக்கு உண்டு, தேர்தல் பணியாளர்களுக்கு உண்டு, தடுப்புக்காவலில் இருப்பவர்களுக்கும் உண்டு. 2019 முதல் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி வந்தது. மாணவருக்கு இல்லை. 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு, ஆந்திரத்தில் மே 13. திருப்பதியில் படிக்கும் பொதட்டூர்பேட்டைப் பிள்ளைக்கு, ஊரில் தேர்தல் நாள் கல்லூரியில் சாதாரண வேலை நாள்.

அப்படியானால் மாணவருக்கும் தபால் ஓட்டுக் கேட்கலாமா? இதில் எங்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. வாக்குச்சாவடியின் மறைப்புக்குள் நம்மோடு யாரும் வர முடியாது. விடுதி அறையில், சான்றொப்பத்துக்கு ஓர் அதிகாரியின் மேசையில், அந்த மறைப்பு இருக்குமா? இரகசியம் போனால் ஓட்டே போனதுபோல. ஆகவே நாங்கள் கேட்பது, கல்லூரி நகரங்களில் சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடும் தொலைவாக்கு மையம். 72 தொகுதிகள் வரை கையாளும் இயந்திரத்தின் மாதிரியை 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையமே கட்சிகளுக்கு முன் வைத்தது. கட்சிகள் எழுப்பிய சந்தேகங்கள் நியாயமானவை. சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டும். அதற்காகக் கோரிக்கையையே கைவிடத் தேவையில்லை.

அதுவரை, பட்டியலைக் காப்பது முதல் வேலை. 2025 டிசம்பரில் வெளியான தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேல், இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்டவை. கதவு தட்டப்பட்ட நாளில் விடுதியில் இருந்த பிள்ளையும், செங்கல் சூளைக்குப் போன குடும்பமும் அந்த எண்ணிக்கைக்குள் விழுந்துவிடக்கூடியவர்கள். தற்காலிகமாக வெளியே இருப்பவரின் உரிமை போகாது என்று சட்டம் சொல்கிறது. அதை எடுத்துச் சொல்ல அந்தத் தெருவில் யாராவது இருக்க வேண்டும்.

அந்த யாராவது நாமாக இருப்போம். விடுமுறைக்கு ஊர் வரும் மாணவர்கள் தங்கள் தெருவின் பட்டியலை எடுத்து, வீடு வீடாக உரக்க வாசியுங்கள். இல்லாத பெயரை எழுதுங்கள், படிவத்தை நிரப்புங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரால் மாணவர் விடுதி இருக்கிறது. நியமனத்தால் மட்டுமே உள்ளே போக முடிந்த அவர் பெயரால் உள்ள விடுதியில் தங்கும் ஒரு மாணவருக்குக்கூட ஓட்டு இல்லாமல் போகக் கூடாது.

ஜெய்பீம்.