ரோஜர் ஆக்ராய்ட் கொலையும் சினந்த வாசகர்களும்

துப்பறியும் நாவலைப் படித்து முடித்தவர் அதன் ஆசிரியர்மீது சினங்கொள்வது அரிது. முடிவு பிடிக்காவிட்டால் நூலை மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார். 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நூலாக வெளிவந்த அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் ஆக்ராய்ட் கொலை’ இவ்வழக்கத்திற்கு விலக்காக அமைந்தது. அதுவரை கிறிஸ்டியின் அபிமானியாக இருந்த ஒருவர், இனி அவருடைய நூல்களை வாங்கப்போவதில்லை என்று ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்கே எழுதியதாகக் கிறிஸ்டியின் நூல்களை ஆராய்ந்த சார்லஸ் ஆஸ்போர்ன் பதிவுசெய்திருக்கிறார். ஒரு கதைக்காக ஒருவர் இவ்வளவு மனம் நொந்துபோனது ஏன் என்பதே நம் கேள்வி.

நாவலின் முடிவைச் சொல்லாமல் அதற்கு விடை காண இயலாது. இன்னும் படிக்காதவர்கள் இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டு, நூலைப் படித்துவிட்டு வருவது நல்லது.

கிங்ஸ் அபாட் என்னும் சிற்றூரில் ஆக்ராய்ட் என்ற செல்வந்தர் தம் படிப்பறையில் குத்திக் கொல்லப்படுகிறார். கதையை நமக்குச் சொல்பவர் ஊர் மருத்துவரான ஷெப்பர்ட். தொழிலிலிருந்து ஓய்வு பெற்று அவ்வூரில் பூசணி வளர்த்துக்கொண்டிருக்கும் ஹெர்க்யூல் புவாரோ துப்புத் துலக்க வருகிறார். முந்தைய கதைகளில் அவருக்குத் துணையாக இருந்த ஹேஸ்டிங்ஸ் அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் மருத்துவர் வந்து அமர்கிறார். வாசகரும் மறுபேச்சின்றி அமரவிடுகிறார். ஹோம்ஸுக்கு வாட்சன் வாய்த்த நாள்முதல் அந்த நாற்காலியில் இருப்பவர் நேர்மையானவர், சற்று மந்தமானவர், நம்மைப் போன்றவர் என்பது எழுதாச் சட்டம். கடைசியில் பார்த்தால் கொலைகாரர் அந்த மருத்துவரே.

இந்த உத்தி முற்றிலும் புதியதன்று. அன்டன் செக்காவ் 1884-85ஆம் ஆண்டுகளில் தொடராக எழுதிய வேட்டை விருந்து பற்றிய நாவலிலும் கதைசொல்லியே குற்றவாளி. ஆனால் 1920களின் ஆங்கில வாசகர் வேறு மனநிலையில் இருந்தார். குறுக்கெழுத்துப் புதிர்கள் நாளிதழ்களில் இடம்பிடித்த காலம் அது. துப்பறியும் கதையும் ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையிலான ஆட்டமாகவே கருதப்பட்டது. ஆட்டமென்றால் விதி வேண்டுமல்லவா? அமெரிக்கரான வான் டைன் 1927இல் தாம் தொகுத்த நூலின் முன்னுரையில், ஆக்ராய்ட் நாவலின் தந்திரம் முறையான உத்தி ஆகாது என்று கண்டித்தார். மறு ஆண்டு 20 விதிகளையும் வகுத்தார். 1929இல் கத்தோலிக்கப் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் தம் பங்குக்குப் பத்துக் கட்டளைகள் தந்தார். எவருடைய எண்ண ஓட்டத்தை வாசகர் பின்தொடர விடப்படுகிறாரோ அவர் குற்றவாளியாக இருத்தலாகாது என்பது முதற்கட்டளையின் ஒரு பாதி. அதைத் துல்லியமாக வரையறுப்பதைக் கிறிஸ்டி கடினமாக்கிவிட்டார் என்று அவரே ஒப்புக்கொண்டதையும் சொல்லவேண்டும். சட்டம் இயற்றியவரே விலக்கையும் இரசித்திருக்கிறார்!

கிறிஸ்டிக்காக வாதாடியவர்களுள் முதன்மையானவர் டோரதி சேயர்ஸ். எல்லாரையும் ஐயுறுவது வாசகரின் கடமை. தடயங்கள் யாவும் கண்முன் இருக்கையில் ஏமாந்தவர் பிறரைக் குறைசொல்லலாமா என்பது 1928இல் அவர் முன்வைத்த வாதம். நூலைத் திரும்பப் படிக்கும்போது இவ்வாதத்தின் வலிமை விளங்குகிறது. எட்டு நாற்பதுக்கு ஆக்ராய்டின் கைக்கு ஒரு கடிதம் வந்தது, எட்டு ஐம்பதுக்குத் தாம் புறப்பட்டபோது அது முழுதும் படிக்கப்படாமலே இருந்தது, கதவருகே தயங்கி நின்று ஏதேனும் செய்யாமல் விட்டோமா என்று எண்ணிப் பார்த்தோம் என்கிறார் ஷெப்பர்ட். இவற்றில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இடைப்பட்ட பத்து நிமிடம் மட்டும் இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு கொலை நடந்திருக்கிறது. இறுதி அத்தியாயத்தில் தம் வாக்கியங்களின் நேர்த்தியை அவரே மெச்சிக்கொள்வது நாவலின் மிகக் குரூரமான இடம்.

‘மதுரை சென்றான்’ என்னும் தொடரில் ‘கு’ உருபு தொக்கி நிற்கிறது என்று வகுப்பறையில் சொல்கிறோம். உருபு மறைந்தாலும் பொருள் மறைவதில்லை, கேட்பவர் உடனே நிரப்பிக்கொள்கிறார். மருத்துவரின் வாக்கியங்களிலும் ஒரு வினை தொக்கி நிற்கிறது. முதல் வாசிப்பில் அதை நிரப்பிக்கொள்ள நமக்கு வழியில்லை என்பதுதான் வேறுபாடு.

சேயர்ஸ் சொன்னது சரி. எனினும் அது சினந்த வாசகருக்கு உரிய விடையாகாது என்பது நம் கருத்து. அவர் தடயம் போதவில்லை என்று நொந்துகொண்டதாக நமக்குத் தோன்றவில்லை. ‘நான்’ என்று தொடங்கிய ஒரு குரலை நம்பி முந்நூறு பக்கம் உடன் நடந்தார்; அந்தக் குரலின் மனிதரோடு சேர்ந்து புவாரோவின் மீசையைக் கண்டு நகைத்தார். அந்த நெருக்கம் முழுவதும் அவருக்கு எதிராகப் பயன்பட்டிருக்கிறது. விதிகளைக்கொண்டு வாதாடிய வான் டைனைவிட, காரணம் சொல்லத் தெரியாமல் கோபப்பட்ட அந்த எளிய வாசகரே நாவலின் மையத்தைத் தொட்டார் எனலாம். இலக்கியத் திறனாய்வு நம்பத்தகாத கதைசொல்லி என்னும் கலைச்சொல்லை 1961இல் வெய்ன் பூத் வழியாகத்தான் பெற்றது.

அதே 1926 டிசம்பரில் கிறிஸ்டி 11 நாள்கள் காணாமற்போய் ஹாரோகேட் நகர விடுதி ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டார். நாடே தேடியது; நூல் விற்பனைக்கான விளம்பரத் தந்திரம் என்று ஐயுற்றவர்களும் இருந்தனர். எல்லாரையும் ஐயுறக் கற்ற வாசகர் ஆசிரியரை மட்டும் விட்டுவைப்பாரா?

பின்னர் எழுந்த எதிர்ப்பு வேறு வகையினது. 1944 அக்டோபரில் எட்மண்ட் வில்சன் ‘தி நியூ யார்க்கர்’ இதழில் துப்பறியும் கதைகளைச் சாடினார். அவருக்கு வந்த கடிதங்கள் 39. அவற்றுள் அவரை ஆதரித்தவை ஏழே. சோவியத் ஒன்றியத்தைக் குறைகூறியபோதுகூட இத்தனை ஆவேசமான கடிதங்கள் வந்ததில்லை என்று அவர் வியந்தார். வாசகர்கள் பரிந்துரைத்த நூல்களையும் படித்துப் பார்த்துவிட்டு, ஆக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்னும் பொருள்படத் தலைப்பிட்டு 1945 ஜனவரியில் மீண்டும் எழுதினார். தலைப்பில் ஆக்ராய்ட் இருந்தாலும் அடி பெரும்பாலும் விழுந்தது சேயர்ஸ் முதலிய பிறர்மீதே. கருத்தில் நாம் வில்சனோடு உடன்படவில்லை. ஆயினும் அந்த 39 கடிதங்களுக்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

குற்றவியல் எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் 2013இல் இதனைத் தலைசிறந்த குற்ற நாவலாகத் தேர்ந்தெடுத்தனர். விதி மீறியதாகக் கண்டிக்கப்பட்ட நூல் அதே தொழிலைச் செய்வோரின் வாக்கால் முடிசூடியது.

இடையில் 1998இல் பிரெஞ்சுப் பேராசிரியர் பியர் பயார் ஒரு நூல் எழுதினார். அவருடைய ஐயம் எளியது. இவ்வளவு மறைத்த மருத்துவர் கடைசியில் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் நாம் ஏன் நம்பவேண்டும்? புவாரோவின் முடிவைப் புறந்தள்ளி, மருத்துவரின் தமக்கை கரோலைனே கொலையாளி, தம்பி பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டான் என்று அவர் வாதிடுகிறார். கிறிஸ்டியின் மறைவுக்குப்பின் 1977இல் வெளிவந்த தன்வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது சற்று வலிக்கும். வம்பு பேசி ஊரையே அளந்துவைத்திருக்கும் அந்தக் கரோலைன்தான் நாவலில் தமக்கு மிகப் பிடித்தவள் என்றும், மிஸ் மார்ப்பிள் அவளிடமிருந்தே பிறந்திருக்கக்கூடும் என்றும் கிறிஸ்டி அதில் எழுதியிருக்கிறார்.