உடைத்ததற்கு மகஜர் இல்லை

எளாவூரைத் தாண்டினால் ஆரம்பாக்கம். அதையும் தாண்டினால் ஆந்திரா. கூடூர் போகிற ரயில் பாதையும் கல்கத்தா ரோடும் எங்க ஊரை ஒட்டித்தான் போகின்றன. ரோட்டில் செக்போஸ்ட். லாரி வந்து நிற்கும், காகிதம் காட்டும், போகும். லாரிக்காரனிடம் காகிதம் கேட்கிற அரசாங்கம், எங்க சேரிக்குள்ள நுழைந்தபோது எங்களிடம் ஒரு காகிதமும் காட்டியதில்லை.

1987 ஜனவரியில் தமிழ்நாட்டில் சாராயக் கடையையும் கள்ளுக் கடையையும் மூடினார்கள். 1991இல் மலிவு விலை மதுவும் நின்றது. அதே காலத்தில் ஆந்திராவில் சாராயம் அரசாங்கமே ஏலம் விடுகிற சரக்கு. சூலூர்பேட்டைப் பக்கம் பாக்கெட்டில் விற்கும். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வியாபாரம், இந்தப் பக்கம் குற்றம். பாக்கெட் சாராயம் எல்லை தாண்டி வந்தது. கொண்டு வந்தவர்களில் எங்க ஆளுங்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. சைக்கிளில் கட்டிக் கொண்டு வந்து கூலி வாங்கினார்கள். சரக்குக்குச் சொந்தக்காரன் மாடி வீட்டில் இருந்தான். போலீஸ் வேன் ஒருநாளும் மாடி வீட்டு வாசலில் நின்று நான் பார்த்ததில்லை.

1991, ஆடி மாசம். எனக்குப் பதிமூணு வயசு. நைனா சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் கூலி. அம்மா நடவுக்குப் போவாள். அன்னிக்கு விடியற்காலம் நாலு மணி இருக்கும். படலை உதைத்துத் தள்ளிவிட்டு டார்ச் லைட்டோடு ஆறேழு பேர் உள்ளே வந்தார்கள். கேள்வி கிடையாது. படுத்திருந்த நைனாவின் முடியைப் பிடித்து எழுப்பினார்கள்.

"இன்னா சாமி, இன்னா தேடறீங்க? சொன்னா நாங்களே எடுத்துத் தரமே" என்று ஆயா கேட்டாள். பதில் லட்டியில் வந்தது. அவள் கை மணிக்கட்டில்.

கேவுருப் பானையைக் கவிழ்த்துத் தரையில் கொட்டினார்கள். பானையை அப்புறம் உடைத்தார்கள். கவிழ்த்த பானைக்குள் என்ன இருக்கும் என்று அதை உடைக்க வேண்டும்? கூரையில் கம்பியை விட்டுக் கிழித்தார்கள். அக்காவின் டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகத் தட்டினார்கள். அவளுடைய பத்தாவது மார்க் ஷீட்டின் மேல் சேற்று பூட்ஸ் ஏறியது. அம்பேத்கர் நூற்றாண்டு வருஷம் அது. நைனா மெட்ராஸிலிருந்து கண்ணாடி போட்ட படம் ஒன்று வாங்கி வந்து மாட்டியிருந்தார். அதன் மேல் ஒரு அடி. சாராயம் கண்ணாடிக்குப் பின்னாலயா இருக்கும்?

ஒரு பாக்கெட்கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காத கோபத்தில் நைனாவை இழுத்துப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் விட்டார்கள். ஒரு வாரம் அவரால் தரையில் உட்கார முடியவில்லை. கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டான்.

வேன் போன பிறகு நான் அழுதுகொண்டே, "ஆயா, இன்னா எடுத்துக்கினு போனாங்க?" என்று கேட்டேன். அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா எடுத்தாங்கன்னு கேக்காதடா. இன்னா ஒடச்சாங்கன்னு எழுது."

கணக்கு நோட்டில் எழுதினேன். கேவுருப் பானை ஒன்று. தண்ணிப் பானை இரண்டு. கொழம்புச் சட்டி ஒன்று. கூரையில் ஓட்டை மூன்று இடம். பெட்டி நாதங்கி. அக்கா மார்க் ஷீட். அம்பேத்கர் படக் கண்ணாடி. ஆயா கை. நைனா வேலை. மொத்தம் ஒன்பது வரி. கடைசி இரண்டையும் எழுதச் சொன்னவள் ஆயாதான். எழுத்து தெரியாதவள்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அம்மா ஒரு ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்தவர் நல்லபடியாகத்தான் பேசினார். "எடுத்ததுக்குத்தான்மா மகஜர் போடுவாங்க. ஒடச்சதுக்கு ஏதும்மா மகஜர்?"

பிறகு யூனியன் வேலையாக வக்கீல் அறைகளில் காத்துக் கிடந்த நாட்களில் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த மனுஷன் சொன்னது சரி. 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165ஆவது பிரிவு, வாரண்ட் இல்லாமல் சோதனை போடும் அதிகாரி என்ன தேடுகிறார், ஏன் தேடுகிறார் என்பதை முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும் என்றது. 100ஆவது பிரிவு, அந்தப் பகுதியில் குடியிருக்கும் சுயேச்சையான, மரியாதைக்குரிய இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும், அவர்கள் முன்னால் தேட வேண்டும், கைப்பற்றிய பொருளுக்குப் பட்டியல் போட வேண்டும், வீட்டுக்காரனுக்கு ஒரு நகல் தர வேண்டும் என்றது. வெள்ளைக்காரன் போட்ட 1898ஆம் வருஷச் சட்டத்திலும் இதே கதைதான். கைப்பற்றியதற்குப் பட்டியல் உண்டு. நொறுக்கியதற்கு அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது.

"மரியாதைக்குரிய" என்ற அந்தச் சொல்லில் நான் ரொம்ப நேரம் நின்றேன். எங்க தெருவில் முப்பது வீடு. அந்த விடியற்காலம் முப்பது வீட்டு ஆளும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தரைக்கூடச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. அடுத்த தெருவில் சரக்கு பிடித்தபோது மகஜரில் இரண்டு கையெழுத்து இருந்தது. இரண்டும் ஊர்த் தெருப் பெயர்கள். எங்க தெருவுக்குள் கால் வைக்காதவர்கள் எங்க வீட்டுச் சோதனைக்குச் சாட்சி! சட்டத்தில் சாதி எழுதப்படவில்லை. எழுதாமலே படித்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் 1604இலேயே ஒரு வழக்கில் அவனவன் வீடு அவனவனுக்குக் கோட்டை என்று சொல்லிவிட்டார்கள். ராஜாவின் ஆளாகவே இருந்தாலும் வந்த காரியத்தைச் சொல்லி, கதவைத் திறக்கக் கேட்ட பிறகுதான் உடைக்கலாம் என்றார்கள். அதே நாட்டுக்காரர்கள் இங்கே 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் கூட்டம் கூட்டமாக மக்களைக் குற்றவாளி என்று எழுதி, அவர்கள் வீட்டையும் குடியிருப்பையும் சோதிப்பதற்கு விதி செய்ய வழி விட்டது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அவர்கள் நாட்டில் கோட்டை, நம் நாட்டில் கொட்டடி. 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. டார்ச் லைட் ஒழியவில்லை.

அதே 1947 மார்ச் மாதம். அரசியல் நிர்ணய சபையின் அடிப்படை உரிமைகள் துணைக் குழுவுக்கு அண்ணல் அம்பேத்கர் ஒரு வரைவு கொடுத்தார். மக்களின் உடலும் வீடும் காகிதங்களும் உடைமைகளும் நியாயமற்ற சோதனையிலிருந்து காக்கப்பட வேண்டும், தகுந்த காரணம் இல்லாமல் வாரண்ட் கூடாது என்று அதில் ஒரு பிரிவு வைத்தார். புலன் விசாரணை கெட்டுப் போகும் என்று பி.என். ராவும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்தார்கள். பிரிவு விழுந்தது. 1948 டிசம்பரில் காஜி கரீமுத்தீன் அதையே திருத்தமாகச் சபையில் கொண்டு வந்தார். ஏற்கத் தயார் என்று அம்பேத்கர் எழுந்து சொன்னார். சபை தள்ளிவிட்டது. 1954இல் டால்மியா கம்பெனிச் சோதனை சம்பந்தமான எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள், சோதனைக்கு எதிரான அப்படி ஒரு உரிமையை நம் அரசியல் சட்டம் எழுதி வைக்கவில்லை என்றார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் சொல்வதற்கு 2017 ஆகஸ்ட் ஆனது.

எங்க வீட்டில் கண்ணாடி உடைந்த படத்தில் இருந்தவர், நான் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே எங்க படலுக்காக ஒரு வரி எழுதிப் பார்த்தவர். இது தெரிந்த அன்றைக்குத்தான் அந்த அடி எங்கே விழுந்தது என்பது எனக்கு விளங்கியது.

ஒரு வீட்டில் நடந்தது ஒரு ஊருக்கே நடந்தால் எப்படி இருக்கும் என்பதைக் கொடியன்குளம் காட்டியது. தூத்துக்குடிப் பக்கம், ஓட்டப்பிடாரம் வட்டத்துத் தலித் கிராமம். தென் மாவட்டங்களில் சாதி மோதல் நடந்துகொண்டிருந்த 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி சுமார் 600 போலீசார் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். கொலை வழக்குக் குற்றவாளிகளைத் தேடுகிறோம் என்பது சொன்ன காரணம். உடைத்தது என்ன? டி.வி., மின்விசிறி, டேப் ரிக்கார்டர், தையல் மிஷின். வெளிநாட்டுக்குப் போய் உழைத்துச் சம்பாதித்த காசில் எழும்பிய ஊர் அது. பாஸ்போர்ட்டையும் படித்த பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் போட்டுக் கொளுத்தினார்கள். குடிக்கிற கிணற்றில் விஷத்தைக் கலந்தார்கள் என்று மக்கள் சொன்னார்கள்.

குற்றவாளி தையல் மிஷினுக்குள் ஒளிந்திருப்பானா? பாஸ்போர்ட்டைக் கொளுத்தினால் கொலைக்குத் துப்புக் கிடைக்குமா? அவர்கள் தேடியது ஆளை இல்லை. தலித் வீட்டில் டி.வி. எதற்கு, சர்டிபிகேட் எதற்கு என்ற கேள்விக்குப் பதிலைத் தேடினார்கள். எங்க அக்கா மார்க் ஷீட்டின் மேல் ஏறிய பூட்ஸும் அதே கேள்வியைத்தான் கேட்டது. அரசு அறிவித்த நிவாரணத்தை வாங்க மாட்டோம் என்று கொடியன்குளத்து மக்கள் மறுத்தார்கள். உடைத்தவன் யார் என்று எழுதாமல், உடைந்ததற்கு மட்டும் காசு தருவது இன்னொரு அவமானம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் வாச்சாத்தி. தர்மபுரி மாவட்டம், அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடி மக்கள். 1992 ஜூன் 20. கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறை 6 பேர். ஆக 269 பேர். வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். பதினெட்டுப் பெண்களை வன்புணர்ந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற சிறுமியும் அதில் இருந்தாள். பெண்கள், குழந்தைகள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள்.

அந்தப் பெண்கள் விடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் கம்யூனிஸ்ட் தோழர்களும் கூட நின்றார்கள். 1995இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. யார் இழுத்தான், யார் அடித்தான் என்று அந்தப் பெண்கள் ஆள் ஆளாகக் கை காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம், அதற்குள் செத்துப்போன 54 பேர் போக, மிச்சம் 215 பேரையும் குற்றவாளி என்றது. 2023 செப்டம்பர் 29ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பதினெட்டுப் பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றும், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேல் நடவடிக்கை வேண்டும் என்றும் சொன்னது. முப்பத்தோரு வருஷம். சட்டம் போடாத பட்டியலை அந்தப் பெண்கள் மனசில் போட்டு, ஒரு வரிகூட மறக்காமல் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எங்க பக்கத்துச் சாராயக் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்க வீட்டுப் பானைகளை உடைத்து அது நிற்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்ட என்கிற ஊர்ப் பொம்பளைங்க 1992இல் சாராயக் கடைக்கு எதிராகக் கிளம்பினார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. லட்டியால் முடியாததை அவர்கள் செய்தார்கள். ஒரு ஏழை வீட்டுச் சட்டியும் உடையவில்லை.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 105ஆவது பிரிவு, சோதனையையும் பட்டியல் போடுவதையும் வீடியோ எடுத்துத் தாமதம் இல்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் செல்போன் யார் கையில் இருக்கும்? படலை உதைத்த பிறகு ஆன் செய்தால் உதைத்தது படத்தில் வராது. பானையைக் காட்டாமல் பரணைக் காட்டினால் உடைந்தது தெரியாது. "மரியாதைக்குரிய" சாட்சி என்ற சொல்லும் போகவில்லை. 103ஆவது பிரிவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதனால் தோழர்களே, நம் பட்டியலை நாமே போட வேண்டும். எடுத்தது அவர்கள் மகஜரில் இருக்கட்டும். உடைத்தது நம் நோட்டில் இருக்கட்டும். தேதி, நேரம், பானை, கூரை, காகிதம், கை, கூலி, எல்லாம் எழுதுங்கள். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கைநாட்டாக இருந்தாலும் வாங்குங்கள். நமக்கு அவர்தான் மரியாதைக்குரிய சாட்சி.

ஆயா 1996இல் போய்ச் சேர்ந்தாள். அந்த மணிக்கட்டு கடைசி வரை நிமிரவில்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒன்பது வரி. அதில் ஒரு வரிக்குக்கூட இன்று வரை யாரும் பதில் எழுதவில்லை.