மழை காட்டிய வழி

மக்கள் தம் ஊரை விட்டுக் கடல் கடந்து செல்வதற்குப் போரும் வாணிகமும் காரணமாதல் உண்டு. அவற்றைப் போல ஆரவாரமின்றி மக்களைப் பெயர்க்கும் ஆற்றல் மழைக்கும் உண்டு. மழை முதலில் வயலைத் தொடுகிறது. வயலின் வாயிலாகவே மனிதனைத் தொடுகிறது. மாத்தளை மாவட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1830ஆம் ஆண்டுகளிலிருந்து ஆங்கிலேயர் கண்டி மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களைப் பெருக்கினர். சொந்த வயலையுடைய சிங்களக் குடியானவர் தோட்டக் கூலியை விரும்பவில்லை. ஆகவே தோட்டத் துரைமார் தென்னிந்தியாவை நோக்கினர். அங்கே இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளில் வேளாண்மை பெரும்பாலும் கண்மாயையும் வானத்தையும் நம்பியிருந்தது. நிலமற்ற உழவருக்கு ஆண்டிற் பல மாதங்கள் வேலை இராது. மலைநாட்டிலோ கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஏறத்தாழ ஆகஸ்டு முதல் நவம்பர் வரை அமைந்தது. பறிப்பு முடித்துத் தை அறுவடைக்கு ஊர் திரும்ப இயன்றது. இவ்வாறு இரு நாட்டுப் பயிர்ப் பருவங்கள் ஒன்றுக்கொன்று இயைந்தமையால், தொடக்கத்தில் இப்பெயர்ச்சி பருவந்தோறும் வந்து மீள்வதாகவே இருந்தது.

வந்த வழியோ கொடிது. தோணியில் மன்னார்க் கரை இறங்கியோர், கங்காணியின் பின்னே நூறு மைலுக்கு மேல் கால்நடையாக நடந்தனர். நீரற்ற வறண்ட காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். அதுவே அவர்களுக்கு மலைநாட்டின் வாயில். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பலரை வழியிலேயே மாய்த்தன. மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது 1880இல்தான்.

1876இல் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டார் இன்றும் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று அதனைக் குறிப்பிடுவர். பசிபிக் மாகடலின் நீர் வழக்கத்திற்கு மாறாக வெப்பமுற்றதோடு அந்த வறட்சிக்குத் தொடர்புண்டு என்பது பின்னாளைய விஞ்ஞானிகளின் முடிவு. தென்னிந்தியாவில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். 1877இல் இலங்கைக்கு வந்தோர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. பருவ வேலைக்கு வருவது வேறு; உயிர் பிழைக்க வருவது வேறு. பின்னவருக்குத் திரும்பிச் செல்ல விளைந்த வயல் இல்லை. கங்காணி தந்த முன்பணமோ கடனாகித் தோட்டத்தோடு பிணைத்தது.

அதே காலத்தில் கோப்பிக்கும் கேடு சூழ்ந்தது. 1869இல் மடுல்சீமையில் காணப்பட்ட இலைத்துரு நோய், மலைநாட்டின் ஈரக்காற்றில் எங்கும் பரவி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை வீழ்த்தியது. அதன் இடத்தைத் தேயிலை கொண்டது. மாத்தளையிற் கொக்கோவும் பின்னர் ரப்பரும் இடம்பெற்றன. கோப்பி ஒரு பருவத்துப் பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே ஆண்டு முழுவதும் கைகள் வேண்டியிருந்தன. பெண்டு பிள்ளைகளோடு குடும்பங்கள் லயன்களில் நிலைத்தன. வழிப்போக்கர் குடிகளாயினர்.

எனினும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அவர்களுட் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பஞ்சம் இரண்டு ஆண்டுகளிற் கழிந்தது. அது பெயர்த்த மக்களின் உரிமை வழக்கோ நூற்றாண்டைக் கடந்து நீடித்தது.

உலகெங்கும் தட்பவெப்பம் மாறிவரும் இந்நாளிலும் வயல் பொய்த்த உழவர் எல்லை கடந்து செல்கின்றனர். அவர்களை வரவேற்கும் நாடுகள் உழைப்பை மட்டும் ஏற்று உரிமையை மறுத்தால் விளைவது யாது என்பதை மாத்தளை அறியும். அந்நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோவில் ஓங்கி நிற்கிறது. மாரி என்றால் மழை. மழை தவறிய ஊர்களிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் மாசி மகத்தில் அங்கே தேர் இழுக்கின்றனர்.