அணுகு வரைபடம் (விமானம்)

அணுகு வரைபடம் என்பது, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதபோது கருவிகளை நம்பி விமானத்தை இறக்க உதவும் ஒற்றைத்தாள் வழிகாட்டி. விமானிகள் இதை 'அப்ரோச் சார்ட்' என்பார்கள். கருவிகளை நம்பி இறங்கும் பயணிகள் விமானத்தில் இது கட்டாயம் இருக்க வேண்டும். அதுவும் நடப்புப் பதிப்பாக இருக்க வேண்டும்.

காவிரி டெல்டாவின் கடற்கரை ஊரான தரங்கம்பாடியில் விமான நிலையம் இல்லை. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பிழைக்கும் டெல்டாக்காரர்கள் பலர் வந்திறங்குவது, நேர்கோட்டில் ஏறக்குறைய 130 கி.மீ. மேற்கே உள்ள திருச்சியில்தான். ஐப்பசி மழைமேகமோ மார்கழிப் பனியோ தரையை மறைத்துவிட்டால், ரேடியோ அலைகளால் விமானத்தை ஓடுபாதைக்கு வழிநடத்தும் ஐ.எல்.எஸ். கருவியும் இந்தத் தாளும்தான் துணை. கருவியின் அலைவரிசை, இறங்கும் திசை, எவ்வளவு தொலைவில் எந்த உயரத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது முடிவெடுக்கும் உயரம். முதல் வகை ஐ.எல்.எஸ்.ஸில் அது 200 அடிக்குக் குறையக்கூடாது. அந்த உயரத்திலும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியவில்லையென்றால், உடனே மேலே ஏறிவிட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பி எவ்வளவு உயரம் ஏறுவது என்பதும் அதே தாளில்தான்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6ஆம் இணைப்பு, செல்லும் வழிக்கும் திசைமாறிப் போக நேரக்கூடிய வழிகளுக்கும் 'நடப்பிலுள்ள, பொருத்தமான' வரைபடங்கள் விமானத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இந்திய விதிகளும் இதையொட்டியே அமைந்தவை. அமெரிக்காவில் சிறிய தனியார் விமானங்களுக்கு இப்படி நேரடியான விதி இல்லை. ஆனால் பயணத்துக்கு வேண்டிய தகவல் அனைத்தையும் அறிந்துகொண்டு கிளம்புவது அங்கும் விமானியின் கடமை. நேரடி விதி இல்லை என்ற சலுகையைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல.

பழைய தாள் ஏன் ஆகாது? தரங்கம்பாடிக் கரையைப் பார்த்தாலே தெரியும். 1306இல் பாண்டிய மன்னன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. பழைய கரையைக் காட்டும் கடல் வரைபடத்தை நம்பி யாரும் கப்பல் ஓட்டமாட்டார்கள். ஆகாயத்திலும் அப்படித்தான். புதிய கோபுரம் எழும், அலைவரிசை மாறும், காந்த வடக்கு நகர்வதால் ஓடுபாதையின் எண்ணே மாறும். இத்தகைய மாற்றங்களை உலகம் முழுவதும் 28 நாளுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில் நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்கள். இந்தியாவுக்கான வரைபடங்களை இந்திய விமான நிலையங்கள் ஆணையம் வெளியிடுகிறது. கனமான காகிதப் பைகள் போய் இன்று பெரும்பாலும் டேப்லெட் வந்துவிட்டது. கிளம்புமுன் தேதியைச் சரிபார்க்கும் வேலை மட்டும் மாறவில்லை.

அந்த 28 நாளுக்கு இடையில் நேரும் மாற்றங்களை 'நோட்டாம்' என்ற அவசர அறிவிப்பு சொல்லும். 1997 ஆகஸ்ட் 6 அதிகாலை, குவாம் தீவில் கொரியன் ஏர் 801 விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குசரிவு காட்டும் கருவி பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. நோட்டாமும் முன்பே வந்திருந்தது. ஆனாலும் கடைசி நிமிடங்களில் அந்தக் கருவி வேலை செய்கிறதா இல்லையா என்று விமானி அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். விமானம் ஓடுபாதைக்கு முன்பே நிமிட்ஸ் குன்றில் மோதியது. 228 பேர் இறந்தார்கள்.