எந்தத் துப்பாக்கி?

வாள், வேல், வில், அம்பு, கேடயம் என்று படைக்கலங்களை வகைபிரித்துப் பாடிய மரபு நம்முடையது. வேலுக்குள்ளும் இலைவடிவம், காம்பின் நீளம், பூணின் அமைப்பு எனப் புலவர்கள் நுணுகி நோக்கினர். ஆயின், கடந்த முந்நூறு ஆண்டுகளில் நம் வாழ்வைப் பெரிதும் பாதித்த படைக்கலமாகிய துப்பாக்கி மட்டும் தமிழ்க் கவிதையில் வகையற்ற ஒற்றைச் சொல்லாகவே நின்றுவிட்டது. கொடுமையின் குறியீடு என்ற அளவில் அது வருகிறது; போகிறது. அதைச் செய்தவர்களோ வாங்கியவர்களோ ஒருபோதும் அதனை ஒற்றைப் பொருளாகக் கருதியதில்லை. எந்தத் துப்பாக்கி, யாருக்கு, எதன்பொருட்டு என்ற தேர்வின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

துப்பாக்கி என்பதன் முதற்பகுதியைக் கண்டு, வலிமை எனப் பொருள்படும் ‘துப்பு’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லோடு அதனை இணைக்க விழைவோர் உண்டு. அது பொருந்தாது. துருக்கிய மொழியில் தோன்றிப் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல் அது. மலையாளத்தில் அது ‘தோக்கு’ ஆயிற்று. சொல் வந்த வழியே பொருள் வந்த வழியையும் காட்டுகிறது. துப்பாக்கி நமக்குப் பிறரிடமிருந்து வந்தது.

குமரி மாவட்ட மக்களுக்கு அவ்வரலாறு தொலைவில் இல்லை. 1741இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக்காரர்களை வென்றது. அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் பின்னர் அதே மன்னரின் படைத்தலைவராகி, மக்களால் ‘வலிய கப்பித்தான்’ என்று அழைக்கப்பட்டார். உதயகிரிக் கோட்டையில் அவர் மேற்பார்வையில் பீரங்கிகளும் குண்டுகளும் வார்க்கப்பட்டன. 1777இல் மறைந்த அவருடைய கல்லறை அக்கோட்டைக்குள்ளேயே உள்ளது. அதில் இலத்தீனொடு தமிழும் பொறிக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. அக்காலக் காலாட்படையினரின் துப்பாக்கி பெரும்பாலும் உட்புறம் வழுவழுப்பான குழலையே கொண்டது. நூறு கஜங்களுக்கு அப்பால் அதன் குறி ஐயத்திற்குரியது. ஆகவே படைவீரர் வரிசையாக நின்று ஒருசேரச் சுட்டனர். அவ்வீரர்க்குத் தேர்வு என ஒன்று இல்லை. கையில் கொடுத்ததே ஆயுதம்.

ரைபிள் என்பது வேறு. குழலின் உட்சுவரில் திருகுபோலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பற்றிக்கொண்டு வெளிவரும் குண்டு தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு, பம்பரம் சாயாது நிற்பதுபோல, வழி பிறழாது செல்லும். குறி உறுதியானபின்தான் தேர்வு என்னும் பேச்சே பிறந்தது.

ரிக்பியின் கடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டனில் செல்வர்க்கெனத் துப்பாக்கி செய்யும் நிறுவனங்கள் சில புகழ்பெற்றன. பர்மிங்காமில் 1812இல் தோன்றிய வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், இலண்டனில் 1835இல் தோன்றிய ஹாலண்ட் அண்டு ஹாலண்ட், அயர்லாந்தின் டப்ளினில் தோன்றிய ஜான் ரிக்பி ஆகியவை அவற்றுள் தலையாயவை. ரிக்பி நிறுவனம் தன் தொடக்க ஆண்டாக 1775ஐக் குறிக்கிறது. 1865இல் அது இலண்டனின் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் கடை திறந்தது. அக்குடும்பத்து ஜான் ரிக்பி 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டு அரசுப் படைக்கலத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளராக இருந்தார். பிரிட்டிஷ் படைவீரனின் .303 துப்பாக்கி உருவான காலம் அதுவே. ஒரே மனிதர் அரசருக்கும் சிற்றரசருக்கும் தனித்தனியே அளவெடுத்துச் செய்யும் கடைக்கு உரியவர். இலட்சக்கணக்கான வீரர்க்கு ஒரே அச்சில் வார்க்கும் ஆலைக்கும் பொறுப்பாளர். துப்பாக்கி வரலாற்றின் இரு முகங்களையும் இங்கு ஒருங்கே காணலாம்.

அத்தகைய கடையில் துப்பாக்கி வாங்குவது சட்டை தைக்கக் கொடுப்பதை ஒத்தது. வாங்குபவரின் கைந்நீளமும் கழுத்தின் உயரமும் தோளின் அகலமும் அளக்கப்பட்டு, அதற்கேற்ப மரக்கட்டை செதுக்கப்படும். அதற்குமுன் அவர் மூன்று வினாக்களுக்கு விடை கூறவேண்டும்.

முதலாவது, எதனை வேட்டையாடப் போகிறீர்? யானைக்கும் காட்டெருமைக்கும் கனத்த குண்டு வேண்டும். மானுக்கும் சிறுத்தைக்கும் இலேசான, விரைவான குண்டு போதும். ரிக்பி 1898இல் வெளியிட்ட .450 முதல்வகைக்கு உரியது. ஜெர்மானியரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவையே அங்குலக் கணக்கில் ‘.275’ எனப் பெயர்மாற்றி அது விற்றது இரண்டாம் வகைக்கு உரியது. பெயர் மாறினால் பொருளின் நாடும் மாறிவிடுகிறது என்பதை வணிகர் நன்கறிவர்.

இரண்டாவது, எவ்வளவு அருகில் நிற்பீர்? அடர்காட்டில் பத்தடித் தொலைவில் யானையை எதிர்கொள்வோர்க்கு இரட்டைக் குழலே ஏற்றது. ஒன்று பொய்த்தால் மற்றொன்று அக்கணமே வெடிக்கும். ஆயின், இரு குழல்களையும் ஒரே புள்ளியில் குண்டு சேரும்படி பொருத்துவது கைத்தேர்ச்சியை வேண்டும் வேலையாதலின் விலை மிகுதி. மாசர் முறைப்படித் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளி இயக்கும் ஒற்றைக் குழல் மலிவானது. பல தோட்டாக்களை உள்ளடக்கியது.

மூன்றாவது, எந்த நாட்டின் வெயிலில் சுடுவீர்? கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வெப்ப நாடுகளில் மிகுந்த அழுத்தத்தைத் தரும். அதனால் வெற்றுத் தோட்டா குழலறையில் ஒட்டிக்கொண்டு வெளிவர மறுக்கும். யானை முன் நிற்பவனுக்கு அது உயிர்க்கேடு. 1911இல் ரிக்பி வெளியிட்ட .416 பெருந்தோட்டாவின் உள்ளிடம் விசாலமாக அமைக்கப்பட்டதால் அழுத்தம் தாழ்ந்து நின்றது. நம் வெயில் இலண்டன் பட்டறையின் அளவுகோலை மாற்றிற்று எனலாம்.

சட்டம் செய்த தேர்வு

வெயிலைவிட வலியதாக இருந்தது அரசின் அச்சம். 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த படைக்கலச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தலைத் தடைசெய்தது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. கடையின் மூன்று வினாக்களுக்கு முன்னே ‘நீ யார்?’ என்ற நான்காம் வினாவைச் சட்டம் வைத்தது.

1907ஆம் ஆண்டையொட்டி .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் தடைசெய்யப்பட்டது. பழைய மார்ட்டினி-ஹென்றி படைத்துப்பாக்கிகள் அதே அளவின. கிளர்ச்சியாளர் கையில் அவை இருப்பின் வேட்டைக்காரரின் குண்டு அவற்றுக்கு உதவும் என்பதே காரணம். உடனே துப்பாக்கி செய்வோர் .465, .470, .475 எனப் புதிய அளவுகளை வகுத்தனர். இன்றும் சேகரிப்பாளர் போற்றும் இவ்வளவுகள் காட்டு விலங்குகளின் உடலமைப்பால் தோன்றவில்லை; ஆளப்பட்டோரிடம் ஆண்டோர் கொண்ட அச்சத்தால் தோன்றின.

பரிசும் பயனும்

1907இல் குமாவோன் மலைப்பகுதியில் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை ஜிம் கார்பெட் கொன்றார். அப்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதற்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் அவருக்கு .275 ரிக்பி ரைபிளை, வெள்ளித் தகடு பதித்துப் பரிசளித்தார். அத்துப்பாக்கி பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திடம் இருந்து, மீண்டும் ரிக்பி நிறுவனத்தையே அடைந்தது. ஆனால் அப்புலியின்மீது இறுதி வெடியைத் தீர்த்தது எது? தம் தோட்டாக்கள் தீர்ந்துபோன நிலையில், கார்பெட் தாசில்தாரின் பழுதுற்ற துப்பாக்கியை வாங்கியே சுட்டார். வெடித்துச் சிதறக்கூடும் என்று அஞ்சத்தக்க நிலையில் அது இருந்ததை அவரே எழுதியுள்ளார். புகழ், பின்னர் வந்த பரிசுத் துப்பாக்கிக்குச் சென்றது.

தமிழகக் காடுகளில் இதற்கு மாறான தேர்வு ஒன்று உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெரிதும் நம்பியது அமெரிக்காவின் வின்செஸ்டர் 1895 வகை, .405 அளவு. அது ஆலையில் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அளவெடுத்த கட்டை அதற்கில்லை. அன்றைய சேலம் மாவட்டத்து ஜவளகிரிப் பெண்புலியை அவர் எதிர்கொண்ட வரலாறு இடம்பெற்ற அவரது முதல் நூல் வெளிவந்த ஆண்டு 1954.

புதுக்கடை, 1954

அதே ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள். தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கவேண்டுமென மார்ஷல் நேசமணி முதலியோர் வழிநடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ‘விடுதலை நாள்’ கொண்டாடியது. மார்த்தாண்டத்திலும் நம் புதுக்கடையிலும் காவல்துறையினர் சுட்டனர், மக்கள் உயிரிழந்தனர். பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு பதவி விலகவேண்டுமென அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கோரினார். அக்கோரிக்கை கட்சியின் பிளவுக்கு வித்திட்டது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன.

இலண்டன் கடையில் கேட்கப்பட்ட வினாக்களை இவ்விடத்தில் நினைத்துப் பார்த்தல் தகும். எதனை நோக்கி? எவ்வளவு அருகில்? எந்த வெயிலில்? அன்று அவற்றுக்கு விடைகள் இருந்தன: நிராயுதபாணிகளை நோக்கி, முகம் தெரியும் அருகில், ஆடி மாத வெயிலில். ஆயின் அவ்வினாக்களை எவரும் எவரிடமும் கேட்கவில்லை. வேட்டைக்காரன் தேர்ந்தான், படைவீரனுக்கும் காவலனுக்கும் அரசு தேர்ந்து கொடுத்தது, குழலின் முன் நின்றவனுக்கு மட்டும் எக்காலத்தும் தேர்வு இருந்ததில்லை.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் புலி வேட்டையின் காலம் முடிந்தது. ரிக்பியின் துப்பாக்கிகள் ஏலங்களிலும் கண்ணாடிப் பேழைகளிலும் ஒளிர்கின்றன. அவற்றின் எண், ஆண்டு, வாங்கியவர் பெயர் அனைத்தும் நிறுவனத்தின் ஏடுகளில் பேணப்படுகின்றன. நம் ஊரில் உயிர் பறித்த துப்பாக்கிகளுக்கு அத்தகைய ஏடு எதுவும் பொதுநினைவில் இல்லை. ஆகஸ்டு 11 தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுவது ஒன்றே எஞ்சியிருக்கும் பதிவு.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணி வரும் நம் வட்டத்துக் கவிஞர்கள் இனித் துப்பாக்கி என்று எழுதும்போது, எது, யார் தேர்ந்தது, யார் முன் நின்றது என்னும் மூன்றனையும் உள்ளத்துள் வினவி எழுதுவார்களாக. வேலின் பூணையும் விட்டுவிடாது பாடிய மொழிக்கு அது இயலாததன்று.