இணையத்தில் வீடு மாறினவர்களின் கதை

2022 மார்ச் 7ஆம் திகதி, அதுவரை இறுக்கிப் பிடிச்சு வைச்சிருந்த டொலரின் விலையை மத்திய வங்கி தளர்த்தியது. 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாத நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தொட்டது. பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் பெரிசாகக் கதைக்கப்படாத ஒரு சின்ன விசயமும் இருந்தது. சொந்தத் தளம் வைச்சு எழுதுறவர்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா வாற ஹொஸ்டிங் பில், பெரும்பாலும் டொலரில்தான் வரும். வருசத்துக்கு 60 டொலர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. 12,000 ரூபாவாக இருந்த அதே பில், தளத்தில் ஒரு எழுத்துக்கூடக் கூடாமல், 21,600 ரூபாவாக மாறியது.

அப்ப வாற முதல் கேள்வி, இதைவிட மலிவாக எங்க இருக்கு எண்டதுதான். நியாயமான கேள்வி. ஆனா அது எங்களோட தொடங்கினதில்லை. இணையத்தில் எழுதுறவர்கள் கிட்டத்தட்ட முப்பது வருசமாக இதே கேள்வியோட வீடு மாறிக்கொண்டுதான் இருக்கினம். அவர்களுக்கு என்ன நடந்தது எண்டு பார்த்தால், மலிவைவிட முக்கியமான இன்னொரு கேள்வி எங்களுக்குக் கிடைக்கும்.

மலிவு எங்கிருந்து வந்தது?

1990களின் நடுப்பகுதியில் சொந்தப் பெயரில் ஒரு தளம் வைச்சிருக்கிறது எல்லாருக்கும் கட்டுப்படியாகிற வேலையில்லை. 1995 செப்டெம்பரில் இருந்து '.கொம்' போன்ற பெயர்களுக்கு நெட்வொர்க் சொலூஷன்ஸ் நிறுவனம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. முதல் இரண்டு வருசத்துக்கு 100 டொலர். அது பெயருக்கு மட்டும். இடத்துக்கு வேறயாகக் கட்ட வேணும்.

இடம் விலையாக இருந்ததுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அந்தக் காலத்து விதிமுறைப்படி உலாவி சேவரிடம் போய் எந்தப் பக்கம் வேணும் எண்டு மட்டும்தான் கேக்கும். எந்தத் தளத்தின் பக்கம் எண்டு சொல்லாது. பத்துக் குடும்பம் இருக்கிற தொடர்மாடியின் வாசலில் நின்று, ஆற்ற வீடு எண்டு சொல்லாமல், முன் அறையைக் காட்டுங்கோ எண்டு கேக்கிற மாதிரி. அதனால் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி ஐபி முகவரி தேவைப்பட்டது. அந்த வகை முகவரிகள் உலகம் முழுக்கச் சேர்த்தே சுமார் 430 கோடிதான் இருக்கு.

1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 எண்ட விதிமுறை இதை மாற்றியது. உலாவி கேக்கேக்க தளத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லத்தான் வேணும் எண்டு அது கட்டாயமாக்கியது. கூடினது ஒரே ஒரு வரி. ஆனா அந்த ஒரு வரியால, ஒரு சேவரில், ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கக்கூடியதாக வந்தது. செலவையும் அத்தனை பேரும் பங்கு போடலாம். இண்டைக்கு மாதம் சில டொலருக்குக் கிடைக்கிற 'ஷெயார்ட் ஹொஸ்டிங்' அந்த வரியிலதான் நிக்குது. 1999இல் பெயர் விற்கிற தொழிலில் போட்டி வந்து அதன் விலையும் இறங்கியது. 2015 டிசெம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் பொதுப் பாவனைக்கு வந்தபிறகு, காசு குடுத்து வாங்கின பாதுகாப்புச் சான்றிதழும் இலவசமாகியது.

இதை நாங்கள் இங்க சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. மலிவான ஹொஸ்டிங் எண்டவுடனே அது தரமில்லாதது எண்டு கன பேர் பயப்படுவினம். கன இடங்களில் அந்த மலிவு பங்கு போட்டதால வந்தது. பயப்பட வேண்டிய இடம் வேற.

இலவச ஊரின் கதை

காசே இல்லாதவர்களுக்கு ஜியோசிட்டீஸ் இருந்தது. 1994இல் டேவிட் போனெட்டும் ஜோன் ரெஸ்னரும் அமெரிக்காவில் தொடங்கின நிறுவனம் அது. இணையத்தை ஒரு நகரமாகக் கற்பனை பண்ணி, 'ஹொலிவூட்', 'சிலிக்கன்வலி', 'ஏதென்ஸ்' எண்டு குறிச்சிகளாகப் பிரிச்சு, ஆக்களுக்கு வீட்டு இலக்கத்தோட இலவசமாக இடம் குடுத்தது. சினிமா பற்றி எழுதுறவர் ஹொலிவூட்டுக்குப் போவார், தத்துவம் எழுதுறவர் ஏதென்சுக்கு. அந்த வீட்டு இலக்கம்தான் அவரின் இணைய முகவரி. தமிழில் எழுதினவர்களும் அங்க குடியிருந்தார்கள்.

1999இல் யாஹூ அதை 350 கோடி டொலருக்கும் மேலான பெறுமதிக்கு வாங்கியது. அதே வருசம் ஜூனில் வந்த புது நிபந்தனைகள், அங்க குடியிருக்கிறவர்கள் எழுதினதில யாஹூவுக்குப் பரந்த உரிமையைக் குடுத்தன. எழுதினவர்கள் கொதிச்சு எழும்பி, கன பேர் தங்கட பக்கங்களை வெறுமையாக்கிப்போட்டு வெளியேறினார்கள். நிறுவனம் பின்வாங்கி வாசகங்களை மாற்றியது. அந்தச் சண்டையில் எழுதினவர்கள் வென்றார்கள் எண்டுதான் சொல்ல வேணும்.

பத்து வருசத்துக்குப் பிறகு சண்டை பிடிக்க ஒண்டும் இருக்கேல்லை. 2009 ஏப்ரலில் மூடப்போறம் எண்டு அறிவிச்சார்கள். ஒக்டோபர் 26இல் மூடினார்கள். ஜேசன் ஸ்கொட் தொடங்கின ஆர்க்கைவ் டீம் எண்ட தொண்டர் குழு கடைசி மாதங்களில் இரவு பகலாகப் பிரதி எடுத்து, அடுத்த வருசம் 600 கிகாபைட்டுக்கும் மேற்பட்ட தொகுப்பை டொரண்ட் மூலம் வெளியிட்டது. எடுத்தது எடுத்ததுதான். எடுபடாமல் போன பக்கங்களும் இருந்தன. தன்ர கணினியில் பிரதி வைச்சிருக்காத ஒருவர், அந்த மாதங்களில் செய்தியும் கேள்விப்படாமல் இருந்திருந்தால், அவருக்கு மிஞ்சினது ஒண்டுமில்லை. பிரதி வைச்சிருந்தவருக்கும் முகவரி போனதுதான். மற்றவர்கள் குடுத்திருந்த அத்தனை இணைப்பும் வெறும் சுவரில போய் முட்டின.

வெளியேற வழி இருந்தவர்கள்

இதோட ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இன்னொரு இடப்பெயர்வு 2004இல் நடந்தது. அப்ப வலைப்பதிவு எழுதுறவர்கள் கன பேர் மூவபிள் டைப் எண்ட மென்பொருளைத் தங்கட சொந்த ஹொஸ்டிங்கில் போட்டுப் பாவிச்சார்கள். அந்த வருசம் மே மாதம் வந்த மூன்றாவது பதிப்போட கட்டண முறை மாறியது. இலவசமாகப் பாவிக்கிறதெண்டால் ஒரு எழுத்தாளர், மூன்று வலைப்பதிவு எண்டு வரம்பு. நாலைஞ்சு நண்பர்கள் சேர்ந்து எழுதினால் காசு கட்ட வேணும்.

அவர்களில் கன பேர் போனது வேர்ட்பிரஸ்ஸுக்கு. ஏற்கெனவே கைவிடப்பட்டிருந்த பி2 எண்ட மென்பொருளில் இருந்து மட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வளர்த்தெடுத்து 2003 மே மாதம் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. இந்த இடப்பெயர்வு ஜியோசிட்டீஸ் போல அழிவில முடியேல்லை. மூவபிள் டைப்பில் எழுதினது எல்லாத்தையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியில எடுக்கலாம். வேர்ட்பிரஸ்ஸில் அந்தக் கோப்பை உள்ள ஏற்றலாம். தளத்தின் பெயரும் எழுதினவரின் கையில இருந்தது. சாமானை ஏத்தி இறக்கிப்போட்டு, அதே வாசல் இலக்கத்தைக் கொழுவிக்கொள்ளலாம்.

புளொக்கரின் கதை இந்த இரண்டுக்கும் இடையில நிக்குது. 1999இல் தொடங்கி, 2003இல் கூகிள் வாங்கின சேவை. புளொக்கரில் எழுதிப்போட்டு, அதைச் சொந்த ஹொஸ்டிங்குக்கு எப்டிபி மூலம் அனுப்புற வசதி ஆரம்பத்தில் இருந்தே இருந்தது. 2010 மே மாதத்தோட கூகிள் அதை நிப்பாட்டியது. இயங்கிக்கொண்டிருந்த வலைப்பதிவுகளில் அரை வீதம்தான் அதைப் பாவிச்சன எண்டு கூகிளே சொன்னது. மற்ற எல்லாரும் கூகிளின் இடத்திலதான் இருந்தார்கள். தமிழில் எழுதினவர்களுக்கும் புளொக்ஸ்பொட்தான் பெரிய ஊர். எழுதினதை இறக்கி எடுக்க அங்க வழி இருக்கு. ஆனா இலவச முகவரியில் இருக்கிறவர் வேற ஹொஸ்டிங்குக்குப் போகேக்க, நான் நிரந்தரமாக இடம் மாறிட்டன் எண்டு உலாவிகளுக்கும் தேடுபொறிகளுக்கும் சொல்லுற '301' அறிவித்தலைக் குடுக்க முடியாது. அந்தக் கதவு அவரின்ரை இல்லை.

தமிழுக்கு எண்டு ஒரு வரி

ஆங்கிலத்தில் எழுதுறவருக்கு இல்லாத ஒரு செலவு எங்களுக்கு இந்த இடமாற்றங்களில் இருந்தது. யுனிகோட் பரவ முதல் எங்கட ஆக்கள் பாமினியிலும் டிஸ்கியிலும் எழுதினார்கள். கோப்பு பத்திரமாக இருந்தாலும் அந்த எழுத்துரு இல்லாட்டி வாசிக்கேலாது.

யுனிகோட் வந்த பிறகும் பிரச்சினை முழுசாகத் தீரேல்லை. தளங்களின் எழுத்தெல்லாம் தங்கியிருக்கிற மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, புதுசாகத் தொடங்கிற எதையும் மேற்கு ஐரோப்பிய எழுத்து எண்டுதான் குறிச்சு வைச்சது. யுடிஎப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். பழைய சேவரில் அந்த மூன்று பைட்டும் தப்பான பெயர்ப்பலகையின் கீழ இருந்தாலும், வெளியில தமிழாகத்தான் தெரியும். புது சேவருக்கு மாற்றேக்க அது பெயர்ப்பலகையை நம்பி இன்னொருக்கா மொழிமாற்றும். மேல கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள்ள 'ஆர்' குறியும் பக்கம் முழுக்க வந்து நிக்கிறதைக் கண்டிருப்பீங்கள். அது நடந்தது இதாலதான். அந்தக் குறிகளாக இருந்தால் பெரும்பாலும் திருப்பி எடுக்கலாம். வெறும் கேள்விக்குறிகளாகிட்டால், பழைய பிரதி இல்லாமல் எடுக்கவே ஏலாது.

அச்சில் வந்த ஒரு சிறுசஞ்சிகையின் ஒரு பிரதி ஆற்றையாவது அலுமாரிக்குள்ள கிடந்தால் ஸ்கான் பண்ணிக் காப்பாற்றலாம். 2005இல் இருந்து நூலகம் செய்துகொண்டு வாற வேலை அதுதான். சேவரில் மட்டும் இருந்த ஒரு கட்டுரைக்கு அப்பிடி ஒரு அலுமாரி இல்லை. 2022இல் பில் கட்ட ஏலாமல் ஒருவர் தளத்தை விட்டிருந்தால், ஆரும் எரிக்காமல், ஆரும் தடை செய்யாமல், ஒரு காலாவதித் திகதியோட அவரின் எழுத்து போயிருக்கும்.

அதனால மலிவான இடம் தேடுங்கோ, தயங்க வேண்டாம். ஆனா போக முதல், அங்க இருந்து நாளைக்கு வெளியேற ஏலுமோ எண்டு கேளுங்கோ. தளத்தின் பெயர் உங்கட பெயரில் பதிவாகி இருக்கோ எண்டு பாருங்கோ. அதை ஹொஸ்டிங்கோட சேர்த்து ஒரே இடத்தில் வாங்காமல் விட்டால், பிறகு மாறுறது லேசு. '.lk' எண்டு ஆங்கிலத்தில் முடியிற எங்கட நாட்டுப் பெயரோட, 2010இல் இருந்து '.இலங்கை' எண்டு தமிழிலேயே முடியிற பெயரும் இருக்கு. எழுதினது முழுக்கவும் ஒரு கோப்பாக உங்கட கணினிக்கு வருமோ எண்டு பாருங்கோ. வந்த கோப்பைத் திறந்து, நடுவில ஒரு பந்தியைத் தமிழாக வாசிச்சுப் பாருங்கோ. பழைய இடத்துக்கான கடைசி மாதக் காசை, அதைச் செய்து முடிக்கும்வரை நிப்பாட்ட வேண்டாம்.